மயிரிழைக் கடைசல்: ஓசூருக்குக் கைக்கடிகாரம் வந்த கதை



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "கேன்டீன், ஹாஸ்டல் நினைவுகள் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. நீ பார்க்கிற தொழிலைப் பற்றி எழுது" என்றார்கள். நான் பார்க்கிற தொழில் ரொம்பச் சின்னது. அதாவது, சின்னச் சின்ன உலோகப் பாகங்களைக் கடைகிற தொழில். ஓசூர் சிப்காட் முதல் பகுதியை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு சிறிய பட்டறையில் உற்பத்திப் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் ஒரு நாள் உற்பத்தி முழுவதையும் ஒரு டிபன் பாக்ஸில் அடக்கிவிடலாம். சொந்தக்காரர்கள் "இன்ஜினீயரிங் படித்துவிட்டு இவ்வளவுதானா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் ஒரு பழைய கதை. ஜேம்ஸ் வாட் கெட்டில் மூடியைப் பார்த்து நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். அது கட்டுக்கதை. நடந்தது வேறு. வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுது பார்ப்பவராக இருந்தார். 1763-64 குளிர்காலத்தில் அவரிடம் நியூகோமன் இயந்திரத்தின் சிறிய மாடல் ஒன்று பழுது பார்க்க வந்தது. சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம், ஓட்டம் 6 அங்குலம். பெரிய இயந்திரம் சுரங்கத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க, அதன் குட்டியோ நாலைந்து தடவை மூச்சு விட்டு நின்றுபோனது. பாகங்களில் குற்றம் இல்லை. உருவத்தைச் சுருக்கும்போது சிலிண்டரின் கொள்ளளவு குறைகிற வேகத்தில் அதன் உள்பரப்பு குறைவதில்லை. ஆகவே சுவரே நீராவியைக் குளிரவைத்துக் குடித்துவிடுகிறது. இதைத் துருவிக்கொண்டே போனதில்தான் 1765-இல் தனிக் குளிர்கலன் என்ற யோசனை வாட்டுக்குத் தோன்றியது. 1769-இல் காப்புரிமை. தொழிற்புரட்சியின் பெரிய திருப்பம் ஒரு பொம்மை இயந்திரத்தைப் பழுது பார்த்ததில் வந்தது என்றால் மிகையாகாது.

சிறிதாக்குவது என்பது பெரியதை அப்படியே சுருக்குவது அல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை. இதை நான் கையால் உணர்ந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு ரயில் மாடல் பிரியர் எங்கள் பட்டறைக்கு வந்தார். மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைப்பாதையில் ஓடும் எக்ஸ் வகை இன்ஜினை 87-இல் ஒரு பங்கு அளவில் நுணுக்கமாகச் செய்துகொண்டிருந்தார். அந்த வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவை. பிற்காலத்தில் நம்ம பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அவருக்கு வேண்டியதெல்லாம் கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் பித்தளைக் குமிழ்த் தூண்கள், நாற்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மை இன்ஜினில் 30 மி.மீ. தடிமனுள்ள ஒரு கம்பி, அவருடைய மாடலில் 0.34 மி.மீ. ஆகிறது. அது நுழைய ஒரு துளை, அந்தத் துளையைச் சுற்றி ஒரு உருண்டை, உருண்டைக்கு ஒரு கால்!

பித்தளையைக் கடைய நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டு வேகம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 0.35 மி.மீ. விட்டத்துக்கு ஸ்பிண்டில் 54,000 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். எங்கள் மெஷின் 10,000 சுற்றுதான் ஓடும். அதில் கிடைக்கிற வேகம் நிமிடத்துக்கு 11 மீட்டர். ஆக, டூலின் முனையை ஸ்டோனில் தீட்டித் தீட்டி, ஆமை வேகத்தில் ஓட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதைவிட, பெரிய இன்ஜின் பேரிங்கில் 0.1 மி.மீ. இடைவெளி விடுகிறோம் என்றால் அதை 87-ஆல் வகுத்தால் 1.1 மைக்ரான். அந்த இடைவெளியை யாரும் கொடுக்கப் போவதில்லை. எண்ணெயும் தன்னைச் சுருக்கிக்கொள்ளாது. மாடல் செய்கிறவர்கள் பார்வைக்கு அளவு, ஓடுவதற்கு வேறு அளவு என்று இரண்டு கணக்கு வைத்திருப்பது இதனால்தான். நாற்பது தூணும் கொடுத்தோம். எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு மருந்துக் குப்பியில் போட்டு எடுத்துப் போனார்.

இப்படிப்பட்ட பாகத்தைக் கடையும் மெஷின் எங்கிருந்து வந்தது? அதுவும் கடிகாரத்திலிருந்துதான் வந்தது. நம் கல்லூரி ஒர்க்ஷாப்பில் நாம் ஓட்டிய லேத்தில் வேலைத்துண்டு ஒரே இடத்தில் சுற்றும், டூல் அதன் நீளவாக்கில் நகரும். மெல்லிய கம்பியை அப்படிக் கடைந்தால் டூல் பட்டவுடன் கம்பி வளைந்து ஓடிவிடும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் பிடித்த கம்பியின் வளைவு, நீளத்தின் மும்மடிக்கு நேர் விகிதம், விட்டத்தின் நான்மடிக்கு எதிர் விகிதம். விட்டத்தைப் பாதியாக்கினால் வளைவு 16 மடங்கு. விட்டத்தைக் கூட்ட முடியாது, டிராயிங் விடாது. மிச்சமிருப்பது நீளம் மட்டும்தான்.

1870-களில் யாகோப் ஷ்வைட்ஸர் என்ற சுவிஸ்காரர் இந்த நீளத்தில்தான் கை வைத்தார். டூலை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, கம்பியையே சுற்றிக்கொண்டு முன்னும் பின்னும் நகர விட்டார். கம்பி ஒரு குழல் வழியாக, அதாவது கைடு புஷ் வழியாக, வெளியே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த அந்த இடத்திலேயே டூல் அதை வெட்டும். எவ்வளவு நீளமான பாகமானாலும் வெட்டு விழுகிற இடத்தில் தொங்கும் நீளம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்! நகர்வுகள் எல்லாம் கேம் தட்டுகளால் தானாக நடக்கும். சுவிட்சர்லாந்தின் முட்டியே என்ற சின்ன ஊரில் டோர்னோஸ், பெஷ்லர், பெட்டர்மான் என்று மூன்று நிறுவனங்கள் இந்த வகை மெஷின்களைச் செய்து உலகம் முழுக்க அனுப்பின. உலகம் இன்றும் இதை 'சுவிஸ் டைப்' என்றே அழைக்கிறது. நம் பக்கத்துப் பட்டறைகளில் 'ஸ்லைடிங் ஹெட்' என்பார்கள். நீளம் குறைந்த, கொஞ்சம் தடித்த பாகங்களுக்கு 'டிராப்' எனப்படும் ஆட்டோமேட்டிக் லேத் போதும். சிப்காட் பக்கம் சந்துக்குச் சந்து அதன் சத்தம் கேட்கும்.

இந்தியாவுக்கு வருவோம். 1953-இல் பெங்களூரில் எச்.எம்.டி. பிறந்தது, சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் கூட்டோடு. லேத் செய்யத் தொடங்கிய அந்த அரசு நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய இறங்கியது. லேத் செய்கிறவன் கடிகாரம் செய்யப் போவதும், கடிகாரம் செய்கிறவன் லேத் செய்யப் போவதும் இந்தத் தொழிலில் சகஜம். அதே சிட்டிசன் குழுமத்தின் ஸ்லைடிங் ஹெட் மெஷின்கள் இன்று இந்தியப் பட்டறைகளிலும் ஓடுகின்றன. நம் அப்பாக்களின் கையில் இருந்தது பெரும்பாலும் எச்.எம்.டி.தான். சாவி கொடுக்காவிட்டால் நின்றுபோகும், கொடுத்தால் இருபது வருஷம் ஓடும்.

பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஓசூருக்குத் தொழில் வந்ததும் எழுபதுகளில்தான். 1971-இல் தமிழக அரசு சிப்காட்டைத் தொடங்கியது. அப்போது ஓசூர், தருமபுரி மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகரம். (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்.) தொழிலில் பின்தங்கிய மாவட்டம் என்பதால் சலுகைகள் கிடைத்தன. 1980 வாக்கில் அசோக் லேலண்ட் லாரிகளும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கின. கூடவே அவற்றுக்கு நட்டு, போல்ட், புஷ் செய்து கொடுக்கும் குட்டிப் பட்டறைகள் மூக்கண்டப்பள்ளி, ஜூஜுவாடிப் பக்கம் முளைத்தன. அந்தக் காலத்து அரசாங்க மொழியில் இவற்றுக்கு 'டைனி யூனிட்' என்று பெயர். 1977 தொழிற்கொள்கை கொடுத்த பட்டம் அது. முதலீடு ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் டைனி. ஓசூர் சிறுதொழில் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அந்த 'டைனி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலீட்டைத்தான் சொன்னார்கள், பாகத்தின் அளவை அல்ல. ஆனால் பெயர் பொருந்திவிட்டது!

1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் வாட்ச்சஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. 'டாடா இண்டஸ்ட்ரீஸ்' என்பதிலிருந்து 'டை', 'தமிழ்நாடு' என்பதிலிருந்து 'டன்'. நம் மாநிலத்தின் பெயர் நாம் கட்டியிருக்கும் வாட்ச்சின் முகத்திலேயே ஒளிந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தொழிற்சாலை ஓசூர் சிப்காட்டில் எழுந்தது. ஜெர்க்ஸஸ் தேசாய் முதல் நிர்வாக இயக்குநர். குவார்ட்ஸ் இயக்கத்தின் தொழில்நுட்பம் 'பிரான்ஸ் எபோஷ்' என்ற பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து வந்தது. எபோஷ் என்றால் கடிகாரத் தொழிலில் முழுமை பெறாத, கரடுமுரடான அடிப்படை இயக்கம் என்று அர்த்தம். 1987-இல் கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. மோட்சார்ட்டின் 25-ஆவது சிம்ஃபொனியை வைத்துத் தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. டைட்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இந்த இசையையும் ஷோரூம்களையும் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உள்ளே இருந்த பல்சக்கரத்தைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்பது என் பல நாள் ஆதங்கம்.

அதனால் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அது 2-இன் 15-ஆவது அடுக்கு. பதினைந்து தடவை பாதி பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று. இதுவரை எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் பாடு. அந்த நொடித் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரின் காந்த ரோட்டாரை அரைச் சுற்று திருப்புகிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 30 சுற்று. நொடி முள் நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆகவே இடையில் 30-க்கு 1. நொடியிலிருந்து நிமிட முள்ளுக்கு 60-க்கு 1, நிமிடத்திலிருந்து மணி முள்ளுக்கு 12-க்கு 1. இந்தக் கணக்கெல்லாம் இத்துனூண்டு பினியன்களும் சக்கரங்களும் செய்கிற வேலை. மெக்கானிக்கல்காரர்கள் பாடு இங்கேதான் ஆரம்பம்.

பினியன் என்பது அச்சும் பல்லும் ஒரே துண்டாக இருக்கும் எஃகுப் பாகம். முதலில் ஸ்லைடிங் ஹெட்டில் கடைவார்கள். பிறகு ஹாபிங்கில் பல் வெட்டுவார்கள். பிறகு கடினப்படுத்தல், பிறகு இரு நுனிகளிலும் உள்ள பிவட்டைப் பளபளவென்று தேய்த்தெடுத்தல். பிவட்டின் விட்டம் 0.1 மி.மீ. அளவில்தான் இருக்கும், சில இடங்களில் அதற்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. இதில் அனுமதிக்கப்படும் பிழை சில மைக்ரான். பட்டரி மிக மெல்லிய சக்தியைத்தான் கொடுக்கிறது. பல்லின் ஓரத்தில் ஒரு பிசிறு நின்றாலும் கடிகாரம் நின்றுவிடும். பெரிய பாகமென்றால் பிசிறை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு. இங்கே அரத்தைக் காட்டினால் பாகமே போச்சு. அதனால் ஆயிரக்கணக்கில் ஒரு டிரம்மில் போட்டு, நுண்ணிய கற்களோடும் பொடியோடும் மணிக்கணக்கில் உருட்டுவார்கள். எவ்வளவு நேரம் உருட்டுவது என்பதில்தான் சூட்சுமம். குறைந்தால் பிசிறு நிற்கும், கூடினால் பல் மழுங்கும்.

இன்னொரு எதிரி வெப்பம். உலகம் முழுக்க நீள அளவுகள் 20 டிகிரியில் என்று 1931-இல் முடிவு செய்தார்கள். 25 மி.மீ. அகலமுள்ள பித்தளைத் தட்டு 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மைக்ரான் நீள்கிறது. பிவட்டின் மொத்த டாலரன்ஸே அதற்குள்தான். ஓசூர் குளுமையான ஊர்தான், ஆனால் மே மாத மத்தியானம் அங்கேயும் 20 டிகிரி இல்லை. காலை ஷிஃப்டில் சரியாக வந்த பாகம் மதியம் ஓடிப்போவது எங்கள் பட்டறையிலும் வாடிக்கை. செட்டர் காலையில் வந்ததும் மெஷினைச் சும்மா அரைமணி நேரம் ஓட விடுவது டீ குடிக்க அல்ல.

சரி, இந்த வேலையை யார் செய்தது? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. டைட்டன் வேலைக்கு எடுத்தது அனுபவசாலிகளை மட்டும் அல்ல. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த பையன்களையும் பெண்களையும் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள். பல வீடுகளில் அவர்கள்தான் முதல் மாதச் சம்பளக்காரர்கள். செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர்களை, உடல் ஊனமுற்றவர்களை வரிசையில் உட்கார வைத்தார்கள். தர்மத்துக்காக அல்ல, உற்பத்திக்காக. பிறகு மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு 'மெடோ' என்ற பெயரில் கிராமப் பெண்களே நடத்தும் ஒரு நிறுவனம் உருவாகி, கடிகாரப் பட்டைகளைக் கோத்துக் கொடுத்தது. களை எடுத்த விரல்களால் லூப்பின் கீழ் ட்வீஸர் பிடிக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு அந்த விரல்களே பதில் சொல்லிவிட்டன.

அந்தப் பதிலின் உச்சம் 2002-இல் வந்த 'எட்ஜ்'. மொத்தக் கடிகாரத்தின் தடிமன் 3.5 மி.மீ. உள்ளே இருக்கும் இயக்கத்தின் தடிமன் 1.15 மி.மீ. உங்கள் பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மி.மீ. ஒன்றரைக் கார்டுக்குள் மோட்டார், சக்கரங்கள், தட்டு, பாலம் எல்லாம்! அதோடு தண்ணீரும் புகக்கூடாது. சுமார் நான்கு ஆண்டு உழைப்பு. பிற்பாடு டைட்டன் சொந்தமாகச் செய்த ஃபிளையிங் டூர்பியோன் இயக்கத்தை 'நெபுலா ஜல்சா'வில் வைத்து வெளியிட்டது. பத்திரிகைகள் அதைத்தான் அதிகம் கொண்டாடின. என்னைக் கேட்டால் எட்ஜ்தான் பெரிய காரியம் என்பேன். விரல் விட்டு எண்ணக்கூடிய டூர்பியோன்களை நல்ல கைகள் நாலு இருந்தால் செய்துவிடலாம். 1.15 மி.மீ. இயக்கத்தை வாரா வாரம் ஆயிரக்கணக்கில், ஷிஃப்ட் மாறினாலும் மாறாமல் செய்வதற்கு ஒரு ஊரே தேவை.

சொல்லிக் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? பிரான்ஸ் எபோஷ் தொண்ணூறுகளில் நொடித்துப்போனது. எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. பாடம் ஓசூரில் மட்டும் மிச்சமாகி, கடிகாரத்தைத் தாண்டியும் போயிருக்கிறது. டைட்டனின் கருவியறையிலிருந்து வளர்ந்த துல்லியப் பொறியியல் பிரிவு இன்று தனி நிறுவனமாக விமான பாகங்களும் தானியங்கிக் கருவிகளும் செய்கிறது.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. 1987-இல் 18 வயதில் பினியன் லைனில் சேர்ந்தவர் இன்று அறுபதை நெருங்குகிறார். அவர்களோடு பழகியவர்கள் சிலர், பிறகு எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் பட்டறைகளில் செட்டர்களாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இருக்கும் பல சங்கதி எந்த டிராயிங்கிலும் இல்லை. கைடு புஷ்ஷை எவ்வளவு இறுக்குவது என்று எங்கள் மூத்த செட்டர் அண்ணனிடம் கேட்டேன். "கம்பியை விரலால் தள்ளினா போகணும் சார், ஆனா தானா விழக்கூடாது" என்றார். இதை மைக்ரானில் எழுது என்றால் எழுதலாம், ஆனால் கம்பிக்குக் கம்பி அந்த எண் மாறும். பித்தளைத் தூள் பறக்கிற விதத்தைப் பார்த்து டூல் மழுங்கியதைச் சொல்வார். சுவிஸ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் பட்டறைச் சரித்திரத்துக்கு மியூசியம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓசூரில் இந்த முப்பத்தைந்து, நாற்பது வருஷக் கைப்பழக்கத்தை உட்கார்ந்து கேட்டுத் தமிழில் எழுதி வைத்தவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. இன்னும் ஐந்தாறு வருஷம் போனால் கேட்பதற்கு ஆளும் குறைந்துவிடும்.

ஆகவே மூன்றாம், நான்காம் ஆண்டு மெக்கானிக்கல், புரொடக்ஷன் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. கடையில் காசு கொடுத்து வாங்குகிற பிராஜெக்ட் ரிப்போர்ட் நம் எல்லோருக்கும் தெரிந்ததே, அதை விடுங்கள். ஒரு பத்து பேர் கிளம்பி மூக்கண்டப்பள்ளிக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு செட்டரிடம் ஒரு வாரம் உட்காருங்கள். ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு, கம்பியாக வந்தது முதல் குப்பிக்குள் விழுவது வரை என்னென்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று எழுதுங்கள். இங்கே ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். முதல் இரண்டு நாள் தலை சுற்றும், பிறகு பழகிவிடும். எங்கள் முதலாளியிடம் பேசிவிட்டேன், பக்கத்துப் பட்டறைகள் இரண்டிலும் சம்மதம் வாங்கியிருக்கிறேன். தங்க இடத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். ஷூ கட்டாயம், தளர்ந்த துப்பட்டாவும் முழுக்கைச் சட்டையும் மெஷின் பக்கம் கூடாது. முடிந்தால் ஆளுக்கொரு பத்து மடங்கு லூப் கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு, அதில் ஒன்றை செட்டர் அண்ணன் யாருக்கும் கொடுக்கமாட்டார்.